பேக்கேஜில் வரும் ‘ஸ்கூபா’: வண்டூர் கடல் பூங்காவும் ஹேவ்லாக் டைவும், வேலூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டிராவல்ஸ்காரர்கள் கொடுக்கும் அந்தமான் நோட்டீஸில் ‘ஸ்கூபா உண்டு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி மூன்று வேறு வேறு சேவைகளைக் குறிக்கலாம். ஒன்று, வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் படகுப் பயணம், அங்கே கண்ணாடிப் படகும் (அடியில் கண்ணாடி பதித்தது) ஸ்நார்க்கலும் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மேல்மட்டத்தில் மிதந்தபடி பார்ப்பது). இரண்டு, ஹேவ்லாக் தீவில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) முதுகில் காற்று சிலிண்டருடன் முதல்முறை இறங்குகிறவர்களுக்கான டைவ், அதாவது உண்மையான ஸ்கூபா. மூன்று, தலையில் கனத்த ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மேலிருந்து குழாயில் காற்று விட்டுக் கடல் தரையில் நடக்க வைக்கும் ‘சீ வாக்’. முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். இரண்டாவதைப் பேக்கேஜிலிருந்து பிரித்து, கடையை நீங்களே தேர்ந்தெடுத்தால் அருமையான அனுபவம். டிராவல்ஸ்காரர் கைகாட்டும் இடத்தில் இறங்கினால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும். மூன்றாவதற்குக் கொடுக்கும் பணத்தை இரண்டாவதில் சேர்த்துவிடுங்கள்.

முதலில் பூங்கா. 1983இல் அறிவிக்கப்பட்டது, பதினைந்து தீவுகள், சுமார் 281 சதுர கிலோமீட்டர். போர்ட் பிளேயரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வண்டூர் படகுத்துறை முப்பது கிலோமீட்டர் சுமார். சுற்றுலாவுக்குத் திறப்பது இரண்டே தீவுகள், அதுவும் மாற்றி மாற்றி: நவம்பர் வாக்கிலிருந்து மே நடுப்பகுதி வரை ஜாலிபாய், மீதி மாதங்களில் ரெட்ஸ்கின். ஒரு தீவு திறந்திருக்கும்போது மற்றதன் பவளத்துக்கு ஓய்வு. இந்தப் பூங்காவில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். திங்கட்கிழமை விடுமுறை. அனுமதிச் சீட்டை முந்தின நாளே வாங்கிவிட வேண்டும். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அடையாள அட்டை நகல் கேட்பார்கள். பேக்கேஜ் நிரலில் ஜாலிபாய் திங்கட்கிழமையில் விழுந்திருந்தால், நிரல் போட்டவர் அந்தமான் பக்கமே போனதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பிளாஸ்டிக் தடை அங்கே நிஜமாகவே தடை. படகுத்துறையில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சிப்ஸ் பாக்கெட், கேரி பேக் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் கொடுப்பார்கள். தீவில் கடை கிடையாது. எனவே சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில். புளிசாதமும் வறுவலும் மதியம் வரை தாங்கும். தயிர்சாதம் அந்தப் புழுக்கத்தில் புளித்துவிடும்.

படகு காலையிலேயே கிளம்பிவிடும். அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் போகிறது. தீவில் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். கண்ணாடிப் படகின் ஒரு சுற்றைப் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்த்திருப்பார்கள். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் கண்ணாடியில் கீறல் விழுந்து மங்கியிருக்கும், படகும் ஆழம் குறைந்த இடத்தையே சுற்றும். ஸ்நார்க்கல்தான் அந்த நாளின் சாரம். கரையிலிருந்து சில மீட்டர் தள்ளியதுமே பவளம் தொடங்குகிறது. வழிகாட்டி மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். நீச்சல் தெரியாதவர்கள் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் போதும். வழிகாட்டி அவசரப்பட்டால் ‘ஒரே இடத்தில் நிறுத்துங்கள்’ என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் மீன்கள் பழகிவிடும். பத்து இடம் சுற்றுவதைவிட அதில் அதிகம் தெரியும்.

என்ன தெரியும்? கடல் சாமந்தியின் (பூப்போலத் தெரியும் கடல் உயிரி) கொட்டும் கைகளுக்கு நடுவே கோமாளி மீன். ஒரு சாமந்தியில் இருக்கும் கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அது செத்துப்போனால் அடுத்த பெரிய ஆண், பெண்ணாக மாறிவிடும். கிளிமீன்கள் பவளப் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அரைத்த சுண்ணாம்பை வெள்ளைப் புகை மாதிரிக் கழித்துவிட்டுப் போகும், அந்தக் கரையின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதுதான். பாறையில் பதிந்த ராட்சதச் சிப்பி நிழல் பட்டதும் நீல உதட்டை உள்ளிழுத்துக்கொள்ளும். கடல் அட்டை, வண்ணத்துப்பூச்சி மீன், அதிர்ஷ்டம் இருந்தால் பேராமை அல்லது அழுங்காமை. கடற்பசு அந்தமானின் மாநில விலங்குதான், ஆனால் அதைக் காட்டுவதாகச் சொல்லி விற்கிறவரை நம்ப வேண்டாம், காண்பது அபூர்வம்.

டிவியில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள், அதற்குக் காரணங்கள் உண்டு. சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும். ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்புப் பவளம் பழுப்பாகத் தெரியும், படம் எடுப்பவர்கள் விளக்கு கொண்டு போவது அதனால்தான். பவளமும் அடிபட்டிருக்கிறது. 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் அந்தமானின் வடக்குப் பகுதி உயர்ந்து பவளத் திட்டுகள் வெளியே வந்து காய்ந்தன. தெற்குப் பகுதி தாழ்ந்தது. 2010லும் 2016லும் கடல் சூடேறியதில் பவளத்துக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்தது. குச்சிகுச்சியாக உடைந்து கிடப்பவை அந்தச் சேதத்தின் மிச்சம். கிளைப் பவளம் சீக்கிரம் வளரும். மண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஒரு உதை, பத்து வருட வளர்ச்சி போச்சு. நிற்பதற்கு மணல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை ஊன்றுங்கள்.

இந்தச் சேவையின் பலவீனம் மாஸ்க். வாடகைக்குக் கொடுப்பவை பழையவை, சிலிகான் ஓரம் விறைத்திருக்கும். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்குச் சரி. எங்காவது காற்று புகுந்தால் வேறொன்று கேளுங்கள். முடி ஒரு இழை ஓரத்தில் மாட்டினாலும் தண்ணீர் வரும். மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே மேல்விளிம்பை ஒட்டி மெல்லிசாகச் சிரைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் வந்தால் பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. இறுக்கினால் ஓரம் மடிந்து இன்னும் அதிகமாகக் கசியும். பனி படியாமலிருக்கக் கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவி ஒருமுறை அலசுங்கள். புது மாஸ்க் வாங்கிப் போவதாக இருந்தால் வீட்டிலேயே வெள்ளை டூத்பேஸ்டால் உட்புறத்தை நான்கைந்து தடவை தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலையில் படிந்த படலம் போகாதவரை எந்த எச்சிலும் வேலை செய்யாது. கிட்டப்பார்வைக்காரர்கள் பவர் கண்ணாடி போட்ட மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், டைவ் கடைகளில் பெரும்பாலும் இருக்கும். பூங்கா வாடகையில் எதிர்பார்க்காதீர்கள். வெயிலுக்குச் சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். சில சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் பவளக் குஞ்சுகளைப் பாதிக்கின்றன.

இனி டைவ். வட ஆற்காட்டுப் பக்கம் நீச்சல் தெரிந்தவர்களில் பாதிப் பேர் விவசாயக் கிணற்றில் கற்றவர்கள். தண்ணீர்ப் பயம் இல்லாதது பெரிய பலம். ஆனால் கிணறு சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தம் கட்டிக்கொண்டு உள்ளே போவது. ஸ்கூபாவில் செய்யவே கூடாத ஒன்று அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) அந்த அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. அங்கே நெஞ்சில் நாலு லிட்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது எட்டு லிட்டராக விரியும். நுரையீரல் தாங்காது. ஆழமே வேண்டாம், ஒன்றரை மீட்டரிலிருந்து தம் கட்டி எழுந்தாலும் காயம் ஏற்படலாம். மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ரெகுலேட்டர் வாயில் இல்லாதபோது சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்குப் பாடம் எடுப்பவர் முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லவில்லை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுவதை வலி வந்த பிறகு செய்தால் பயனில்லை. தலை தண்ணீருக்குள் போகும்போதே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்ய வேண்டும். காது திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடியும் முயலுங்கள். பலமாக ஊதினால் உள்காது கெடும். சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம்: மருந்தின் வேகம் அடியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

நல்ல கடையில் முதல் டைவ் இப்படி நடக்கும். முதலில் மருத்துவப் படிவம்: ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை, சர்க்கரைக்கு இன்சுலின், கர்ப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான், டாக்டரைத் தேடி அங்கே அலைய முடியாது. படிவத்தை முன்கூட்டியே கடையிலிருந்து வரவழைத்து வேலூரிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊர் நிறைய ஆஸ்பத்திரி இருக்கும்போது இதைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம் பாடம், பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி: ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி ஊதிச் சுத்தம் செய்வது, மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காதைத் திறப்பது, கைச் சைகைகள். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். நம் பழக்கத்தில் ‘சூப்பர்’ என்று காட்டினால் டைவ் முடிந்துவிடும். பயிற்சி முடிந்த பிறகே ஆழம், அதுவும் 12 மீட்டருக்கு மேல் கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கடலில் இறக்க ஒப்புக்கொள்ளும் கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பது கணக்கு. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு). அதாவது 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், ஆக உங்கள் கைக்கு 1,650. பதற்றத்தில் இருக்கும் புதியவர் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பார். பத்து மீட்டரில் அது 50 ஆகிறது. முப்பது நிமிடம் கணிசமாகக் கிடைக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் மேலே இழுத்துவந்து ‘காற்று தீர்ந்தது’ என்றால் முழு சிலிண்டர் கொடுக்கவில்லை, அல்லது அடுத்த வாடிக்கையாளர் கரையில் காத்திருக்கிறார். இறங்கும் முன் அழுத்தமானியை நீங்களே பாருங்கள். முள் 200ஐ ஒட்டி நிற்க வேண்டும். ரெகுலேட்டரில் மூன்று நான்கு மூச்சு இழுத்துக்கொண்டே முள்ளைக் கவனியுங்கள்: மூச்சுக்கு மூச்சு அது கீழே சரிந்து மறுபடி ஏறினால் சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம்.

மட்டமான டைவ் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். பயிற்சியாளர் பின்னாலிருந்து சிலிண்டர் கழுத்தைப் பிடித்துப் பொம்மையைப்போலத் தள்ளிக்கொண்டு போவார். ஒரே ஆளுக்கு மூன்று நாலு பேர். பவளத்தில் மண்டியிட வைத்து வீடியோ. மீன் கூட வேண்டும் என்பதற்காகப் பிஸ்கட் தூவுவார்கள். அதற்குப் பழகிய மீன்கள் பாசி தின்பதை விட்டுவிடும், பாசி பவளத்தை மூடிவிடும். முதல்முறை இறங்குகிறவருக்கு ஒரு பயிற்சியாளர் என்பதற்குக் குறைவாக ஒப்புக்கொள்ள வேண்டாம். தண்ணீருக்குள் மாஸ்க் வழியே பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். புதியவர்கள் தூரம் தெரியாமல் எதையாவது பிடிக்கப் போவது அதனால்தான். கைகளைக் கட்டிக்கொண்டு போவதே உத்தமம்.

தொடாமலிருப்பது உங்களுக்கும் நல்லது. கல்மீன் பாறைத் துண்டு மாதிரியே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். சிங்கமீன் அழகு, அதன் முள்ளும் அப்படித்தான். இவை குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் அரை மணிக்கு மேல் ஊறவைத்துக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். ஐஸ் வைப்பது தப்பு. கூடு காக்கும் பெரிய டைட்டன் டிரிக்கர் மீன் கடிக்க வரும். அது தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவ இடம். மேலே ஏறித் தப்பிக்காமல் பக்கவாட்டில் விலகுங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கல் செய்தவரை முதலை கொன்றிருக்கிறது. வண்டூர்க் கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. குளிக்க வலை கட்டிய இடத்துக்கு வெளியே இறங்காதீர்கள்.

ஹேவ்லாக்கில் முதல் டைவுக்கு நீமோ ரீஃப் போன்ற கரையோர இடங்கள் போதும். ‘தி வால்’, டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற பெயர்கள் நோட்டீஸில் இருந்தால் அவை சான்றிதழ் பெற்றவர்களுக்கானவை என்று அறிக. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மூன்று நான்கு நாள் படிப்பு, 18 மீட்டர் வரை செல்லலாம். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். கிணற்றில் நீந்தியவர்கள் அகலத்துக்கு மட்டும் பழகியிருப்பார்கள், நீளத்துக்கு ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் ஒரு மாதம் பயிலுங்கள். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த அவகாசம்.

பேக்கேஜ் நிரல்களில் அடிக்கடி காணும் ஆபத்தான தவறும் இந்த நைட்ரஜனைச் சேர்ந்ததே. கடைசி நாள் காலையில் டைவ், மதியம் விமானம் என்று போட்டிருப்பார்கள். ஒரே ஒரு டைவ் என்றாலும் விமானம் ஏறப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும். பல டைவ் செய்தவர்களுக்குப் பதினெட்டு. டைவை ஹேவ்லாக் போன மறுநாள் வைத்து, வண்டூர்ப் பயணத்தை ஊர் திரும்புவதற்கு முந்தின நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஸ்நார்க்கலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடைக்குப் போன் செய்யும்போது கேட்க வேண்டியவை: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், ஆக்சிஜன் சிலிண்டர் படகில் உண்டா, அழுத்த நோய் (நைட்ரஜன் உடலில் குமிழியாவதால் வருவது) வந்தால் சிகிச்சை அறைக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள், தமிழில் பாடம் எடுக்க ஆள் உண்டா. அந்தமானில் தமிழர்கள் நிறைய, தமிழ் பேசும் பயிற்சியாளர் கிடைப்பது கடினமில்லை. அரைகுறையாகப் புரிந்த இந்தியில் காது திறக்கும் பாடத்தைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் சிறை. விமான நிலைய ஸ்கேனரில் தெளிவாகத் தெரியும்.

கடல் அமைதியாக இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. மே முதல் வாரம் வரை பள்ளி விடுமுறைக்காரர்கள் சமாளிக்கலாம், அதற்குமேல் தென்மேற்குப் பருவக்காற்று வந்து படகை அடிக்கடி நிறுத்திவிடும். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஸ்ரீபெரும்புதூர் வழியாக நகருக்குள் நுழையாமலே வரும். அதிகாலை விமானத்துக்கு முதல் நாளே சென்னையில் தங்க வேண்டிய அவசியமில்லை.

விமானச் செலவு அதிகம் என்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இருக்கிறது: ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986இல் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான தீவுகளில் இறங்க அனுமதி இல்லை, தண்ணீரும் அந்தமான் அளவுக்குத் தெளிவில்லை. சான்றிதழ் படிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது புதுச்சேரி. ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் சுமார். பாடமும் குளப் பயிற்சியும் சனி ஞாயிறில் அங்கே முடித்துப் பரிந்துரைப் படிவம் (அதுவரை முடித்ததற்கான சான்று) வாங்கிக்கொண்டால், சான்றிதழுக்குத் தேவையான கடல் டைவ் நான்கையும் ஹேவ்லாக்கில் இரண்டே நாளில் முடிக்கலாம். படிவம் பன்னிரண்டு மாதம் செல்லும். இரண்டு கடைகளும் ஒரே பயிற்சி அமைப்பைச் சேர்ந்தவையா என்று மட்டும் பணம் கட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.